ஓசூரின் குடியிருப்பு விரிவாக்கமும் சானமாவுக் காட்டெல்லையும்

முன்னுரை

ஓசூர், தொழிற்சாலைகளை மையமாகக் கொண்டு வளர்ந்த நகரம். அங்குத் தொழிலுக்கான நிலம் அரசால் திட்டமிடப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பதற்கான நிலமோ பெரிதும் மனைச் சந்தையின் போக்கிற்கு விடப்பட்டது. இவ்வேறுபாட்டின் விளைவை நகரின் கிழக்கே, இராயக்கோட்டைச் சாலையை ஒட்டிய சானமாவுக் காப்புக்காட்டின் சுற்றுப்புறத்தில் காணலாம். அதனை வரலாற்று நிலையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில் நிலமும் குடியிருப்பு நிலமும்

1824இல் மத்திகிரியில் தொடங்கப்பெற்ற கால்நடைப் பண்ணையால் அறியப்பட்டிருந்த ஓசூரின் முகத்தை மாற்றியது சிப்காட் நிறுவனம். 1971இல் தோன்றிய அந்நிறுவனம் பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இருந்த இப்பகுதியில் தொழிற்பேட்டையை அமைத்தது. 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் நிலைபெற்றன. நகரங்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் 1971ஆம் ஆண்டிற்குரியதே. எனினும் ஆலை நிலம் பெற்ற முன்னுரிமையைக் குடியிருப்பு நிலம் பெறவில்லை.

வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்தபோதும், புதிதாக வந்தோரில் பலர் லைன் வீடுகளையும் தனியார் மனைப்பிரிவுகளையும் நாடினர். 2001இல் 84 ஆயிரத்தைக் கடந்திருந்த நகராட்சி மக்கள்தொகை 2011இல் 1,16,821 ஆயிற்று. ஆலைகள் சூழ்ந்த மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி முதலிய ஊர்கள் இவ்வெண்ணில் அடங்கா. நகர் 2019இல் மாநகராட்சியாயிற்று. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவிற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் விதித்த தடையும், 2017இல் அரசு வகுத்த வரன்முறை விதிகளும் மாநிலம் முழுமைக்கும் உரியவை. ஆயினும் அவை முன்பே பிரிக்கப்பட்ட நிலத்தைப் பின்னர் ஒழுங்குபடுத்துவன. எந்நிலம் மனையாகலாம் என்பதை முன்கூட்டி முடிவுசெய்வன அல்ல.

சானமாவு: நகரின் மறு எல்லை

வடகிழக்குப் பருவமழையை அடுத்துக் கேழ்வரகு முற்றும் காலத்தில், பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளின் வழியே சானமாவிற்கு வருகின்றன. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து வடபுற ஊர்களுக்கும் செல்கின்றன. பயிரிழப்பும், மனித உயிரிழப்பும், யானைகளின் இறப்பும் இப்பகுதியில் நேர்ந்துள்ளன.

ஆண்டுதோறும் பயிரிழக்கும் உழவருக்கு மனைவிலை ஒரு மீட்சியாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் கேழ்வரகு வயல் மனையாகும்போது யானையின் வழி அழிவதில்லை. அது அடுத்த ஊரின் வயலுக்கு விலகுகிறது. ஓர் உழவரின் மீட்சி மற்றோர் உழவரின் இழப்பாகிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் தெற்கிலுள்ள தொடர்காடுகளுக்குக் காப்பளித்தது. நகரை ஒட்டிய சிறு காட்டைச் சூழ்ந்த பட்டா நிலங்களின் எதிர்காலமோ நிலப்பயன்பாட்டுத் திட்டத்தையே சார்ந்துள்ளது.

முடிவுரை

திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கும் விடுதி வளாகம் 2024இல் திறக்கப்பட்டது. தொழிற்பேட்டையுடன் உறைவிடத்தையும் இணைத்துத் திட்டமிட இயலும் என்பதற்கு அது சான்று. ஓசூரிலும் ஆலைகளுக்கு அருகிலுள்ள பழைய குடியிருப்புகளைப் புதுப்பித்து அடர்த்தியாக்குவதும், சானமாவைச் சூழ்ந்த வயல்களை வேளாண் நிலமாகவே வரையறுப்பதும், அதனால் இழப்புறும் உழவருக்கு உரிய ஈடளிப்பதும் ஒரே திட்டத்தின் கூறுகளாக வேண்டும். காட்டெல்லையைக் கருதாத வீட்டுத்திட்டம் ஓசூரில் முழுமையான வீட்டுத்திட்டம் ஆகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.