உடற்சூடும் உழைப்பவன் உணவும்

1782-83 குளிர்காலத்திலே பாரிசு நகரில் இலவோசியே, இலாப்பிளாசு என்னும் இரு விஞ்ஞானிகள் கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்து, அதன் உடற்சூட்டால் உருகியோடிய நீரை நிறுத்தனர். அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டையும் அளந்து ஒப்புநோக்கியபோது, மூச்சுவிடுதலும் கரி எரிதலும் ஓரினச் செயல்களே என்ற முடிவு பிறந்தது. இதயத்திலே பிறவித் தீயொன்று உறைகின்றது என்ற பழங்கொள்கை ஆட்டங்கண்டது.

புரட்சி வெடித்த 1789இல், செகேன் என்னும் துணைவர் தம் உடலையே சோதனைப் பொருளாக்கினார். ஓய்ந்திருக்கையிலும் குளிரில் அவர் உட்கொண்ட ஒட்சிசன் சற்று மிகுந்தது. காலாற் பாரந் தூக்கியபோதோ இருமடங்கைத் தாண்டிற்று. இங்கேதான் இலவோசியே வெறும் இரசாயனவாதியாக நின்றுவிடவில்லை. உழைப்பவன் உடலே மிகுதியாக எரிகின்றது. மிகுதியாக உண்ண வேண்டியவனும் அவனே. ஆயினும் நிறைந்த தட்டு ஓய்ந்திருப்பவன் முன்னிலையிலன்றோ இருக்கின்றது? இவ்வினாவை அவர் தம் ஆய்வுரையிலேயே எழுப்பினார். எழுப்பியவரோ மன்னனுக்காக வரி அறவிட்ட குத்தகைக் கூட்டத்தின் பங்காளி! அப்பணமே அவருடைய ஆய்வுகூடத்தையும் போஷித்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1794 மே 8ஆம் நாள், ஏனைய வரிக்குத்தகையாளரோடு அவர் தலையும் வீழ்ந்தது.

எரிதல் நுரையீரலில் நிகழ்வதாக அவர் எண்ணியது பிழை. அது இழையங்கள்தோறும் நிகழ்வதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் கண்டனர். தசை செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே வேலையாகின்றது, எஞ்சியது சூடு. குளிரில் நாம் நடுங்குவதும் இச்சூட்டுக்காகவே. பாரமெதனையுந் தூக்காத உழைப்பு அது.

நன்கு நடுங்கவியலாத பச்சிளஞ் சிசுவின் கதி என்ன? 1551இல் சூரிச்சு நகரத்துக் கெசுனர், மார்மொட் என்னும் மலைவிலங்கின் தோள்களிடையே கொழுப்புமல்லாத தசையுமல்லாத பொருளொன்றைக் கண்டு குறித்துவைத்தார். அதன் தொழில் யாதெனத் தெளிய நான்கு நூற்றாண்டுகள் சென்றன. அது சூடு பிறப்பிக்கும் உறுப்பென்பது 1960களிலேயே நிலைநாட்டப்பட்டது. இரும்புச்சத்துள்ள இழைமணிகள் அதிற் செறிந்திருப்பதாலேயே கபில நிறம். அவற்றிலுள்ள புரதமொன்று சக்தியைச் சேமிக்கவிடாது சூடாகவே வெளிப்படச் செய்கின்றது. சிசுவின் தோள்பட்டைகளுக்கிடையிலும் சிறுநீரகங்களைச் சூழவும் இக்கபிலக் கொழுப்பு உண்டு. குறைமாதக் குழந்தைக்கோ இது போதாது. தாயின் மார்புச் சூடே அதற்குத் துணை.

வளர்ந்தோரிடத்து இது பயன்படுமளவு எஞ்சுவதில்லை என்றே நெடுங்காலம் பலரும் கருதி வந்தனர். 2009இல் வெளியான ஆய்வுகள் அக்கருத்தைக் கலைத்தன. வளர்ந்தோரின் கழுத்திலும் காறையெலும்பின் மேற்புறத்திலும், குளிர் பட்டதும் வேலைக்கு எழும் கபிலக் கொழுப்பை அவை காட்டின.