ஆளற்ற நிலமா அகாகர்?

சகாரா பாலைவனத்தின் நடுவே, அல்ஜீரியாவின் தென்பகுதியில் அகாகர் மலைத்தொடர் அமைந்துள்ளது. அரபு வழக்கில் இதற்கு ஹொக்கார் என்று பெயர். 1961 முதல் 1966 வரை பிரான்ஸ் இம்மலைப்பகுதியில் 13 அணுகுண்டுகளை நிலத்தடியில் வெடித்துச் சோதித்தது. மக்கள் அரிதாக வாழும் வறண்ட நிலம் என்பது இத்தகைய சோதனைகளுக்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்துக்கு எதிரான வலுவான சான்று, பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொகுத்த அகராதியிலேயே இருக்கிறது.

அகாகரின் உச்சியான தஹாத் ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரமுடையது. பழைய எரிமலைகள் தேய்ந்து எஞ்சிய கற்றூண்கள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. உயரத்தின் காரணமாக இங்கே சுற்றியுள்ள சமவெளியைவிடச் சற்று மிகுதியாக மழை பெய்யும். பாறைக் குழிகளில் தேங்கும் நீரே பார்பரி ஆட்டுக்கும் டோர்காஸ் மானுக்கும் உயிராதாரம். மிக அரிதாகிவிட்ட சகாராச் சிவிங்கிப்புலியும் இங்கே வாழ்வதை 2008-2010 காலத்தில் வைக்கப்பட்ட தானியங்கிப் படக்கருவிகள் உறுதிசெய்தன. மேட்டுப் பள்ளத்தாக்குகளில் வளரும் காட்டு ஒலிவ மரத்தின் அறிவியற்பெயரோ, சகாராவைப் பிரெஞ்சு ஆட்சிக்குள் கொண்டுவந்த படைத்தலைவர் லாப்பெரினின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இம்மலையின் துவாரெக் மக்கள் தம்மைக் 'கெல் அகாகர்', அதாவது அகாகர் மக்கள், என்பர். இவர்களது மொழி தமாஹக். அப்பெயரில் இங்கு ஒலிக்கும் 'ஹ', மாலியில் 'ஷ' ஆகித் தமாஷெக் என்றும், நைஜரில் 'ஜ' ஆகித் தமாஜெக் என்றும் வழங்கும். அமத்ரோரில் வெட்டிய உப்பை ஒட்டகங்களில் ஏற்றித் தெற்கே சென்று, தானியம் மாற்றி வருவது இவர்களது பழைய வாணிகம். இச்சமூகம் சமத்துவமானதாக இருக்கவில்லை. மேற்குடியினர், திறை செலுத்தும் குடியினர், தோட்டம் பயிரிடுவோர், அடிமைகள் எனப் படிநிலைகள் இருந்தன. தலைமையுரிமை தாய்வழியில் வந்தது.

1902இல் தித் என்னுமிடத்தில் நடந்த போரில் கெல் அகாகர் தோற்றனர். 1905இல் சார்ல் தெ ஃபூக்கோ என்ற கத்தோலிக்கத் துறவி தமன்ராசெட்டில் குடியேறினார். படை அதிகாரியாக இருந்து துறவியானவர் அவர். பிரெஞ்சுப் படையினரோடு தகவல் தொடர்பை விடாமல் பேணியவர். 1916 டிசம்பர் 1ஆம் நாள் கொல்லப்படும்வரை தமாஹக் சொற்களையும் பாடல்களையும் திரட்டினார். அவரது துவாரெக்-பிரெஞ்சு அகராதி 1951-52இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1940இல், அவர் திரட்டிய இயற்பெயர்களின் அகராதி தனி நூலாக வந்திருந்தது. ஒரு நிலத்தின் இடங்களுக்கும் குடிகளுக்கும் உரிய பெயர்கள் ஒரு நூலளவுக்குத் திரள்கின்றன என்றால், அங்கே தலைமுறை தலைமுறையாக மனிதர் நடந்திருக்கிறார்கள், மேய்த்திருக்கிறார்கள் என்பதே பொருள்.

அந்நூல் வெளிவந்து 21 ஆண்டுகளில் சோதனைகள் தொடங்கின. தமன்ராசெட்டுக்கு வடக்கே, இன் எக்கருக்கு அருகிலுள்ள தவுரிர்த் தான் அஃபெல்லா என்ற கருங்கல் மலையைக் குடைந்து குண்டுகளை வைத்தனர். 1962 மே 1ஆம் நாள் 'பெரில்' என்று பெயரிட்ட வெடிப்பில் சுரங்கத்தின் அடைப்பு சிதைந்து, கதிரியக்கப் புகையும் உருகிய பாறையும் வெளியேறின. பார்வையிட வந்திருந்த இரு பிரெஞ்சு அமைச்சர்களும் தப்பியோட நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்ற பின்னரும், எவியான் உடன்படிக்கை அளித்த இசைவின்படி சோதனைகள் தொடர்ந்தன. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் சட்டத்தைப் பிரான்ஸ் 2010இல்தான் இயற்றியது. கதிரியக்கக் கழிவுகள் புதைக்கப்பட்ட இடங்களைக் காட்டும் ஆவணங்களை அல்ஜீரியா தொடர்ந்து கேட்டு வருகிறது.

காலனிய அறிவு அறியாமையால் தவறியது என்று அகாகரைப் பற்றிச் சொல்ல இயலாது. ஓடைகளின் பெயர்களையும் குடிகளின் பெயர்களையும் அச்சிட்டு வைத்திருந்த அதே அரசுதான் அம்மலையைக் குடைந்தது. ஆவணப்படுத்தப்படுவதாலேயே ஒரு மொழிக்கும் அதைப் பேசுவோருக்கும் பாதுகாப்புக் கிடைத்துவிடும் என்று நம்பும் மொழியியலாளர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.