இரண்டு சோதனைகள்

நாயைப் பற்றிப் பேச இந்தப் பக்கங்கள்தானா கிடைத்தன என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். 'இது திருந்தாது' என்று ஓர் உயிரைப் பற்றி யார், எதை வைத்து முடிவு கட்டுகிறார்கள் என்பது நாய்க்கு மட்டுமான விஷயமில்லை.

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கால்பந்து நட்சத்திரம் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான வீட்டைப் போலீசார் சோதனையிட்டார்கள். பந்தயச் சண்டைக்காக அங்கே பிட் புல் நாய்கள் வளர்க்கப்பட்டு வந்தன. சண்டைக்குத் தேறுமா என்று பார்க்க நாய்களை மோதவிடுவதற்கு அங்கே 'சோதனை' என்றுதான் பெயர். அந்த ஏப்ரலில் தேறாமல்போன ஆறிலிருந்து எட்டு நாய்களைத் தூக்கில் தொங்கவிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொன்றார்கள். அதில் தனக்கும் பங்குண்டு என்று விக் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதாவது, கடிக்காத நாய்க்கு மரணம்.

மீட்கப்பட்டவற்றின் கதி? சண்டைக்காரர்களிடமிருந்து பிடிபட்ட நாய்களைக் கொன்றுவிடுவதே அதுவரை வழக்கம். விலங்குகளுக்காகப் பேசிவந்த ஹியூமேன் சொசைட்டி, பீட்டா போன்ற பெரிய அமைப்புகளே அதைத்தான் சொல்லின. கடிக்கும் என்று கருதப்பட்ட நாய்க்கும் மரணம். கொடுமைக்காரனும் கருணையாளரும் எதிரெதிர்த் துருவங்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு புள்ளியில் ரெண்டு பேரும் கைகுலுக்கிக் கொள்கிறார்கள்.

நாய்களைப் பறிமுதல் செய்ய அரசு தொடுத்த வழக்கின் பெயர்: 'அமெரிக்க அரசு எதிர் ஏறத்தாழ 53 பிட் புல் நாய்கள்'. அந்த 'ஏறத்தாழ' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதிகாரத்தின் மொழியில் அவை கும்பல். எண்ணிக்கைகூடத் துல்லியமாக வேண்டியதில்லை. இந்தக் கும்பலைத்தான் 2007 செப்டம்பரில் ஸ்டீபன் ஜாவிஸ்டோவ்ஸ்கி தலைமையிலான குழு உடைத்தது. 49 நாய்களையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். பொம்மைக் குழந்தையைக் காட்டினால் என்ன செய்கிறது, இன்னொரு நாயைக் கண்டால் என்ன செய்கிறது, சாப்பிடும்போது தட்டில் செயற்கைக் கையை நீட்டினால் உறுமுகிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். நடத்தை காரணமாகக் கொல்லப்பட்டது ஒன்று, நோயினால் ஒன்று. மீதி 47 பிழைத்தன.

பல நாய்களிடம் வெளிப்பட்டது வெறியல்ல, பயம். ஆளைக் கண்டதும் தரையோடு தரையாக அப்பிக்கொண்டன. இவற்றை வீட்டுக்குப் பழக்கிய முறையில் மாயம் ஒன்றுமில்லை. பயமூட்டும் பொருளைத் தூரத்தில் வைப்பது. அது கண்ணில் படும்போதெல்லாம் பிடித்த தீனி கொடுப்பது. நாய் தாங்கும் அளவுக்கே, நாளுக்குக் கொஞ்சமாக, தூரத்தைக் குறைப்பது. அவசரப்பட்டால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். நிதானமான இன்னொரு நாயைக் கூட விட்டால், அதைப் பார்த்துப் பயந்த நாயும் மெல்ல முன்னால் வரும். அடிச்சுத் திருத்தற கதையே இல்லை.

இதை வெறும் கருணைக் கதையாக வாசிப்பதில் எனக்குச் சங்கடம் உண்டு. 22 நாய்கள் யூட்டா மாநிலத்திலுள்ள பெஸ்ட் ஃபிரண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. வீடு கிடைப்பதற்கு முன் பலவும் 'நல்ல குடிமகன்' என்றே பெயர்கொண்ட தேர்வில் தேற வேண்டியிருந்தது. மறுபடியும் ஒரு சோதனை! லூகாஸ் என்ற நாய் மனிதர்களிடம் கொஞ்சிக் குலாவியது. ஆனால் அது சண்டையில் வென்ற விலையுயர்ந்த நாய். ஆகவே ஆயுள் முழுக்கக் காப்பகத்திலேயே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே தீர்ப்பெழுதியது நடத்தையல்ல, வரலாறு. இன்னொன்று, பராமரிப்புக்கென்று விக்கிடமிருந்து சுமார் 9,28,000 டாலர் வந்தது. குற்றவாளி பிரபலமாகவும் பணக்காரராகவும் இல்லாதபோது?

பதில் 2009 பிப்ரவரியில் கிடைத்தது. வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைத் தனித்தனியாகப் பார்க்காமலே கொன்றார்கள். காவலில் பிறந்த குட்டிகளையும் சேர்த்துத்தான். சண்டைக்களத்தையே காணாத குட்டி என்ன குற்றம் செய்தது? பிறந்ததுதான். மனிதரையும் நாயையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கண்ட மண்ணில் இந்தத் தர்க்கம் யாருக்குப் புரியாது? வில்க்ஸ் கொலைகளுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே ஹியூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றி, ஒவ்வொரு நாயையும் தனியே மதிப்பிட வேண்டும் என்றது.

நம் பக்கத்துக்கு வருவோம். தெருநாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது 2025 ஆகஸ்ட் 22-இல் வெளிவந்த உச்ச நீதிமன்ற ஆணை. வெறிநோய் கண்ட நாய்களுக்கும், ஆக்ரோஷமாக நடந்துகொள்ளும் நாய்களுக்கும் அது பொருந்தாது என்றும் சொன்னது. கடிபட்ட குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த விலக்கின் நியாயம் புரியும். ஆனால் வெறிநோயை உறுதிசெய்யப் பரிசோதனை உண்டு. ஆக்ரோஷத்தை எதை வைத்து அளப்பது? கூண்டில் பயந்து உறுமும் நாயும், தெருவில் துரத்திக் கடிக்கும் நாயும் ஒரே கணக்கில் வந்தால், நாமும் 'ஏறத்தாழ' என்றுதான் எழுதிக்கொண்டிருப்போம்.

விக்கிடமிருந்து மீண்ட நாய்களில் கடைசியாக உயிரோடிருந்த ஃப்ரோடோ, 2021 டிசம்பரில், தன்னைத் தத்தெடுத்த குடும்பத்தின் வீட்டில் வயதாகி இறந்தது. பழைய வழக்கத்தின்படி அது 2007-ஐத் தாண்டியிருக்காது.