முருகன் வேடத்தில் ஒரு கலகக்காரர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி மூன்றும் அன்று ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை. 1927 அக்டோபரில் காந்தி ராஜபாளையம் வந்தார். அவருடைய பேச்சைப் படித்தவர்கள் பத்திரிகையில் வாசித்தார்கள். எழுத்தறியாத சனங்களிடம் அந்தச் சேதியைக் கொண்டுபோனது நாடக மேடை. அந்த மேடையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர், 1886இல் சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ். விசுவநாததாஸ்.

அது ஸ்பெஷல் நாடகக் காலம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை ஊருக்கே தெரியும். ஆகவே கூட்டம் வருவது பாட்டுக்கும் ராஜபார்ட்டின் பெயருக்கும்தான். தாஸ் அந்தப் பெயரைத் தேசத்துக்குக் கொடுத்தார்.

‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் கட்டம் உண்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? எந்த வெள்ளை, எந்தக் கடல் தாண்டி வந்த கொக்கு என்பது தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தவருக்கும் புரிந்தது. போலீசுக்கும் புரிந்தது. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டப்படி ஒரு நாடகத்தைத் தடை செய்யலாம். ஆனால் நடு இரவில், முருகன் கதைக்குள் திடீரென நுழையும் பாட்டை எப்படித் தடுப்பது? பாடியவரைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தார்கள். சிறையிலிருந்து வெளியே வந்ததும் அவர் மறுபடி பாடினார். சிறைக்குப் போன ராஜபார்ட்டுக்கு அந்த நாட்களில் வருமானம் இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு மன்னிக்க முடியாததாகத் தோன்றுவது வேறொன்று. தாஸ் நாவிதர் சமூகத்தில் பிறந்தவர். அந்தக் காரணத்துக்காகவே அவரோடு ஜோடி சேர நடிகைகள் சிலர் மறுத்தார்கள். வெள்ளைக்காரன் பூட்டிய விலங்கு மட்டுமா அவர் கையில் இருந்தது?

அமெரிக்கப் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டை 1950இல் அவர் நாட்டு அரசே பறித்தது. கலைஞனின் குரலுக்கு அரசுகள் எவ்வளவு பயப்படும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் அது. நம் பக்கத்து ஊர்க்காரர் அதற்கு முன்பே அந்த விலையைக் கொடுத்திருந்தார்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. மயில்மேல் முருகனாக வீற்றிருந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. அவர் வாழ்ந்த திருமங்கலத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம்.

அடுத்த இதழில்: சென்னை மாகாண முதலமைச்சரான ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா.