அறிவுசார் குறைபாடுடையோருக்கான தொண்டுப் பணி: தமிழகமும் கல்வராயன் மலையும்

அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளையும் பெரியவர்களையும் பேணும் தொண்டு நிறுவனங்கள் தமிழகத்தில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. சென்னையில் சிறப்புப் பள்ளிகளாகத் தொடங்கிய இப்பணி, பின்னர் கிராமங்களுக்கும் வீடுகளுக்கும் பரவியது. இப்பரவலின் கடைசி எல்லைகளில் ஒன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை. அந்த வரலாற்றையும், இப்பணிக்கு அடிப்படையான சட்டங்களையும், ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவதில் உள்ள நடைமுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

அறிவுசார் குறைபாடு என்பது ஒருவரின் கற்கும் திறனும் அன்றாட வாழ்க்கைத் திறனும் வளர்ச்சிப் பருவத்திலேயே வயதுக்குக் குறைவாக இருக்கும் நிலை. முன்பு 'மனவளர்ச்சி குன்றியோர்' என்ற சொல் வழக்கில் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் என்ற பொதுச்சொல் 2010ஆம் ஆண்டு வாக்கில் தமிழக அரசின் வழக்கில் நிலைபெற்றது.

இது மனநோய் அன்று. மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்தால் தணியலாம். அறிவுசார் குறைபாடு பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ தோன்றுவது. அதைப் போக்கும் மருந்து கிடையாது, பயிற்சியே வழி. இரண்டையும் ஒன்றாகக் கருதியதால் நேர்ந்த தீங்குகள் இந்த வரலாறு முழுவதும் காணப்படுகின்றன.

காரணங்கள் பல. டவுன் நோய்க்குறி போன்ற மரபணுக் காரணங்கள், கருவுற்ற காலத்தில் தாய்க்கு வரும் தொற்றுகள், அயோடின் குறைவு, பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், பிறந்த குழந்தைக்கு வரும் கடுமையான மஞ்சள் காமாலை ஆகியவை முக்கியமானவை. நெருங்கிய உறவில் திருமணம் செய்வது சில மரபுவழி நோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. இவற்றுள் பல, நல்ல பேறுகால மருத்துவத்தால் தடுக்கக் கூடியவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அவர்களுள் அறிவுசார் குறைபாடுடையோர் 1,00,847 பேர். இந்திய அளவில் இவ்வெண்ணிக்கை 15,05,624. லேசான குறைபாடுடைய பலரை வீட்டார் வெளியே சொல்வதில்லை என்பதால் கணக்கெடுப்பு எண்கள் குறைந்தபட்ச அளவையே காட்டுகின்றன எனலாம்.

மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கு

ஆங்கிலேயர் காலத்தில் இவர்களுக்கெனத் தனி ஏற்பாடு ஏதும் இல்லை. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவரையும் மனநோயாளியையும் ஒரே வரையறைக்குள் வைத்தது. வீட்டில் வைத்துக்கொள்ள இயலாதவர்கள் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். சென்னையில் அத்தகைய மருத்துவமனை 1794இல் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவருகிறது.

மாற்றத்தைத் தொடங்கியவர்கள் பெற்றோரும் சமூகத் தொண்டர்களும்தான். பம்பாயில் வக்கீல் தம்பதியர், டவுன் நோய்க்குறியுடன் பிறந்த தங்கள் மகளுக்காக 1944இல் தொடங்கிய பள்ளி, இன்று ஜெய் வக்கீல் பள்ளி என வழங்குகிறது. இங்கிலாந்திலும் 1946இல் ஜூடி ஃபிரைட் என்ற தாய் மற்றப் பெற்றோர்களை ஒன்று திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். அதுவே பின்னாளில் மென்கேப் ஆனது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் தலைமையில் இயங்கிய கில்டு ஆஃப் சர்வீஸ், 1950களில் பால விஹார் என்ற இல்லத்தையும் பள்ளியையும் உருவாக்கியது. தமிழகத்தின் முன்னோடி நிறுவனங்களுள் இது ஒன்று.

1980களில் பணி விரிவடைந்தது. 1984இல் செகந்திராபாத்தில் மத்திய அரசு தேசிய நிறுவனம் ஒன்றை அமைத்தது. சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சிக்கும் பாடக் கருவிகளுக்கும் அது அடித்தளம் இட்டது. 1985இல் பூனம் நடராஜன் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் எனப்படுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு அதன் பணி தொடங்கியது. 1989இல் தியாகராய நகரில் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம், பிறப்பு முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆரம்பகாலப் பயிற்சி அளிப்பதைத் தன் பணியாகக் கொண்டது. அதன் 'உபநயன்' பாடத்திட்டம் உடலியக்கம், தன் வேலையைத் தானே செய்தல், மொழி, அறிவு, சமூகப் பழக்கம் ஆகிய துறைகளில் குழந்தையின் திறனைப் படிப்படியாக வளர்க்கிறது. தாயும் குழந்தையுடன் வகுப்பில் இருக்க வேண்டும் என்பது அதன் முறை. மையத்தில் கற்றதை வீட்டில் தாய் நாள்தோறும் தொடர்ந்தால்தான் பயிற்சி பலிக்கும்.

2005இல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் அமைந்தது. புதுச்சேரியில் 2003இல் சித்ரா ஷா தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி, பழைய தென்னாற்காட்டுப் பகுதிக்கு அருகில் அமைந்த ஒரு நிறுவனம்.

கிராமத்துக்குச் சென்ற பணி

தொண்டு நிறுவனம் என்றால் நகரத்தில் ஒரு கட்டடம், அங்கே குழந்தைகள் வந்து சேர்வார்கள் என்ற முறை கிராமங்களுக்குப் பொருந்தவில்லை. கூலி வேலைக்குச் செல்லும் தாய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாள்தோறும் இரண்டு பேருந்து மாற இயலாது. உலக சுகாதார நிறுவனம் 1970களின் இறுதியிலிருந்து 'சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு' என்ற முறையை முன்வைத்தது. ஊரிலேயே உள்ள ஒருவருக்குப் பயிற்சி அளித்து, அவர் வழியாக வீட்டிலேயே பயிற்சி கொடுப்பது இதன் சாரம்.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975 ஜனவரியில் விபத்துக்குள்ளாகி, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் இதை 1981இல் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்குச் சூட்டினார். தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் பின்னர் அவருடன் இணைந்தார். அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளி ஒருபுறமும், கிராமப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று கொடுக்கும் பயிற்சி மறுபுறமுமாக இங்குப் பணி நடக்கிறது. பணியாளர் குழந்தையின் முன்னேற்றத்தைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்வார். தொலைவிலுள்ள சிகிச்சையாளர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்வார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கல்வராயன் மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பரவியுள்ளது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டு பகுதிகளாக இது வழங்கப்படுகிறது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் பழங்குடியினரான மலையாளிகள். இவர்கள் தமிழ் பேசுவோர். சாமை, மரவள்ளி ஆகியவை முக்கியப் பயிர்கள். மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு வெள்ளிமலை மையமாக உள்ளது.

நெடுங்காலம் இம்மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அது முழுமையாக அரசு நிருவாகத்தின் கீழ் வந்தது. பள்ளி, சாலை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை சமவெளியை விடத் தாமதமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிருவாகத் தொலைவும் ஒரு தடையாக இருந்தது. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. வெள்ளிமலையிலிருந்து விழுப்புரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊனச் சான்றிதழ், பராமரிப்பு உதவித்தொகை, அடையாள அட்டை எதற்கும் மாவட்டத் தலைநகருக்கே செல்ல வேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போய், மருத்துவர் இல்லை என்றால் மறுமுறையும் செல்ல வேண்டும். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், 2022 ஜனவரியில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் இத்தொலைவைப் பாதிக்கு மேல் குறைத்தன.

சான்றிதழ் வழங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அறிவுசார் குறைபாடு, நுண்ணறிவு ஈவு கொண்டும் அன்றாடத் திறன்களைக் கொண்டும் அளவிடப்படுகிறது. நுண்ணறிவு ஈவு 50 முதல் 69 வரை லேசானது, 35 முதல் 49 வரை மிதமானது, 20 முதல் 34 வரை கடுமையானது, 20க்குக் கீழ் மிகக் கடுமையானது என்பது வழக்கமான பகுப்பு. பள்ளிக்கே செல்லாத மலைக் குழந்தைக்குப் பழக்கமில்லாத படங்களையும் கேள்விகளையும் கொடுத்தால் மதிப்பெண் குறையும். மறுபுறம், ஆடு மேய்க்கவும் விறகு சேர்க்கவும் தெரிந்த சிறுவனின் லேசான குறைபாடு வீட்டில் யாருக்கும் தெரியாமலே போகலாம். எனவே வீட்டுச் சூழலை அறிந்தவரின் துணை இங்கு இன்றியமையாதது.

தடுப்புப் பணிக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். மலையாளிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தனர். அங்குக் குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. பாதுகாப்பான பிரசவம் குழந்தையின் உயிரோடு மூளையையும் காக்கிறது. ஆகவே மலைப்பகுதியில் பேறுகால மருத்துவத்தின் வரலாறு, அறிவுசார் குறைபாட்டைத் தடுத்த வரலாறும் ஆகும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் சாலை, மருத்துவம், கல்வி வசதிகள் குறித்து விசாரித்தது. நல்ல சாலை இல்லாத ஊரில் சிகிச்சையாளரின் வருகையும் நடவாது.

சட்டங்கள்

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அறிவுசார் குறைபாட்டை மனநோயிலிருந்து முதன்முறையாகப் பிரித்தது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவரே சிறப்பு ஆசிரியராகப் பணியாற்றலாம் என்றாக்கியது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் அறிவுசார் குறைபாட்டை ஏழு வகைகளுள் ஒன்றாக ஏற்றாலும், வேலைக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் தரவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, 4 விழுக்காடு ஒதுக்கீட்டில் ஒரு பங்கை இவர்கள் உள்ளிட்டோருக்கு அளித்தது.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பெற்றோரின் பெரிய கவலைக்கு விடையாக வந்தது. பதினெட்டு வயது நிறைந்தபின் தாய் தந்தையர் இயல்பான சட்டப் பாதுகாவலர் அல்லர். மாவட்ட ஆட்சியர் தலைமையில், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் கொண்ட உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. தமிழக அரசு அறிவுசார் குறைபாடுடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது.

இரண்டு எச்சரிக்கைகள்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி இறந்தனர். உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில், உரிய அனுமதியின்றி நடந்ததாகக் கூறப்பட்ட ஓர் இல்லத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். ஆதரவற்றோர், மனநோயாளிகள், அறிவுசார் குறைபாடுடையோர் ஆகியோர் அங்கு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தனர். துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் பொறுப்பு குற்றப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

இரண்டு இடங்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. குடும்பத்தாருக்கு வேறு வழி தெரியவில்லை. அருகில் பகல்நேர மையமும் வீட்டுப் பயிற்சியும் இருந்திருந்தால், பலரைத் தொலைவிலுள்ள இல்லத்தில் விட்டுவிட வேண்டிய தேவையே எழுந்திராது.

நிறுவனம் நடத்தும் முறை

இத்தகைய பணியைத் தொடங்குவோர் முதலில் அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகவோ பதிவு செய்ய வேண்டும். அதன் பின் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனமாகப் பதிவுச் சான்று பெற வேண்டும். மனநோயாளிகளையும் சேர்த்துக்கொண்டால் மனநலச் சட்டத்தின்கீழ்த் தனிப் பதிவு தேவை. நன்கொடையாளர் வரிச்சலுகை பெற வருமான வரிச் சட்டத்தின் பதிவும், வெளிநாட்டு நிதிக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும்.

பதிவுகளை விடக் கடினமானது ஆட்களை நிறுத்தி வைப்பது. சிறப்பு ஆசிரியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் நகரத்தையே நாடுகின்றனர். மலையில் பணி நிலைக்க வேண்டுமானால், அங்கேயே பிறந்த பெண்களைப் பயிற்றுவிப்பதே நடைமுறையில் பலன் தந்த வழி. 2012இல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் கடும் குறைபாடுடைய குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையச் சிறப்பு ஆசிரியர்கள் இதற்காக வீடுகளுக்குச் செல்கின்றனர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. உலக வங்கி உதவியுடன் 2022இல் ஒப்புதல் பெற்ற தமிழ்நாடு உரிமைகள் திட்டம், மறுவாழ்வுச் சேவைகளை ஒரே இடத்தில் தரும் மையங்களை அமைக்கிறது. இவற்றை இணைத்து, உரிய குடும்பத்திடம் சேர்ப்பது உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தின் இன்றைய பங்கு.

பெற்றோருக்குப் பின்

குழந்தைக்குப் பள்ளி உண்டு. நாற்பது வயதான மகனுக்கு என்ன உண்டு என்பதே எழுபது வயதுப் பெற்றோரின் கேள்வி. மருத்துவ வளர்ச்சியால் அறிவுசார் குறைபாடுடையோர் முன்னைவிட நீண்ட காலம் வாழ்கின்றனர். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் சிறு குழு இல்லங்களும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் ஓரளவு உள்ளன. மலைக்கிராமத்தில் அண்ணன் தம்பியும் அக்கம்பக்கத்தாருமே ஆதரவு. அந்த ஆதரவு நீடிக்க, பாதுகாவலர் நியமனத்தைப் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே முடிப்பதும், உதவித்தொகை தடையின்றி வருவதும் தேவை.

2025 ஏப்ரலில் தமிழக சட்டப்பேரவை, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. கல்வராயன் மலையின் ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். தம் தேவையைத் தாமே எடுத்துச் சொல்ல இயலாத அறிவுசார் குறைபாடுடையோரின் பெயரும் ஊராட்சிக் கூட்டத்தின் பதிவேட்டில் ஏறுமா என்பது, அங்கு அமரும் உறுப்பினர் மலையின் வீடுகளை எவ்வளவு அறிந்தவர் என்பதைப் பொறுத்தது.