ஆலயமாகிய மருத்துவமனை: தமிழ்த் திரைப்படத்தில் கட்டடமும் நோய்தீர்ப்பும்

கட்டடத்திற்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டா என்னும் வினா நவீனக் கட்டடக்கலையோடு சேர்ந்தே வளர்ந்ததாகும். பின்லாந்தில் அல்வார் ஆல்டோ வடிவமைத்து 1933இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையில், வெயில் காயும் மாடங்களும், படுத்திருப்போரின் கண்ணுக்கு இதமான கரும்பச்சை உட்கூரையும், ஓசையெழாத கைகழுவு தொட்டிகளும் சிகிச்சையின் கூறுகளாகவே அமைந்தன. இத்தகைய நம்பிக்கையைத் தமிழ்த் திரைப்படம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை, ஸ்ரீதர் இயக்கி 1962இல் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வழி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இப்படத்தின் கதை பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. அம்மருத்துவமனையோ கலை இயக்குநர் கங்கா படப்பிடிப்பு நிலையத்தில் எழுப்பிய அரங்கமாகும். புற்றுநோயுற்ற வேணு (முத்துராமன்), அவன் மனைவி சீதா (தேவிகா), அவளை முன்னர்க் காதலித்த மருத்துவர் முரளி (கல்யாண்குமார்) ஆகிய மூவரும் அங்கே ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கின்றனர். வின்சென்ட்டின் படக்கருவி ஒரு பாடற்காட்சியில் கட்டிலின் அடியிலும் புகுந்து செல்கிறது. உடலைக் காக்க அமைந்த அறையில் உள்ளத்தை மறைக்க இடமில்லை என்பதை இதனால் உணர்கிறோம். அதே கூரையின்கீழ்ச் சிறுமியொருத்தி இறக்கிறாள், வேணு பிழைக்கிறான், அவனைக் காத்த முரளி உயிர் துறக்கிறார். கட்டடம் எவருக்கும் நலத்தை உறுதியளிக்கவில்லை. ஆலயம் நெஞ்சில் இருப்பதாகத் தலைப்பே கூறுவது இதனாற்போலும்.

மருத்துவமனையை ஆலயத்தோடு இணைப்பது தமிழர்க்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பெருமாள் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் இயங்கிய ஆதுலர் சாலையைக் குறிப்பிடுகிறது. அங்குப் பணியாற்றிய மருத்துவர், அறுவை மருத்துவர், மருந்து சேகரிப்போர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குரிய ஊதியமும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. கட்டடத்தைவிட அதில் தொண்டாற்றுவோரையே அக்கல்வெட்டு விரித்துரைப்பது நோக்கத்தக்கது.

பயன்பாடே கட்டடத்திற்குப் பொருள் தருகிறது என்பதற்குப் பினாங்கில் நாமறிந்த சான்று கெலுகோரில் உள்ளது. அங்குப் பிரித்தானியப் படைமுகாமாக விளங்கிய மிண்டன், 1971 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. படைவீரர் தங்கிய இடம் மாணவர்க்குரியதாயிற்று.

கோகொனாடா இயக்கிய 'கொலம்பஸ்' (2017) என்னும் அமெரிக்கப் படத்திலும், நவீனக் கட்டடங்களை நோக்கியவாறு இருவர் மனந்திறந்து பேசும் பேச்சே அவர்களின் துயரை ஆற்றுகிறது. கட்டடம் அப்பேச்சிற்கு இடந்தருகிறது. ஆகவே, திரைப்படத்தை வகுப்பறையில் பயிற்றுவிக்கும்போது கதைமாந்தரோடு அவர்கள் வாழும் அறைகளையும் ஆராய்தல் நம் கடமையாகும். சுவர்கள் காப்பன, ஆற்றுவோர் மனிதரே.