முணுமுணுப்பு அடங்கினால்தான் பயம்

குழந்தையின் இதயத்தில் முணுமுணுப்பு கேட்குதுன்னு டாக்டர் சொன்னாலே பெற்றோருக்குப் பகீர்னு இருக்கும். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் கவனித்ததோ நேர் எதிர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தையின் மார்பில் விரல் வைத்தே அதிர்வைப் படித்தார்.

உடம்பு நீலம் பாரித்துப் பிறந்த சில குழந்தைகளுக்கு, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் திறந்தே இருந்தது. அதில் ரத்தம் ஓடும்போது இயந்திரம் ஓடுவது மாதிரி சத்தம் எழும். குழாய் மூடி, சத்தம் அடங்கினால் நீலம் இன்னும் கூடியது. அப்போ அந்த வழியை நாமே போட்டுக்கொடுத்தால் என்ன?

ஆல்ஃபிரட் பிளாலாக் ஒத்துக்கொண்டார். விவியன் தாமஸ் நாய்களுக்குச் செய்துபார்த்து முறையை வகுத்தார். 1944 நவம்பர் 29-ல் முதல் குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தது: கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள்.

இன்றும் இந்த சிகிச்சைக்குப் பிறகு டாக்டர்கள் அந்த முணுமுணுப்பைத் தேடித்தான் கேட்கிறார்கள். கேட்கலைன்னா, போட்ட வழி அடைத்துவிட்டதோ என்று பார்க்க ஓடுவார்கள்.